தொடக்க விலை (இணைய ஏலம்)

இணைய ஏலத்தில் தொடக்க விலை என்பது, ஏலத்துக்கு விடப்படும் பொருளுக்கு முதற் கேள்வியாக ஏற்றுக்கொள்ளப்படும் மிகக் குறைந்த தொகை ஆகும். இதனை விற்பவரே ஏலம் தொடங்குமுன் முடிவு செய்கிறார். பழைய நாணயம், அஞ்சல்தலை, விளையாட்டு அட்டை, படக்கதை இதழ் போன்ற சேகரிப்புப் பொருள்களின் விற்பனையில் இம்முடிவு தனி முக்கியத்துவம் உடையது. இப்பொருள்கள் பலவற்றுக்குக் கடைவிலை என்று ஒன்று இல்லை. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் அவற்றைத் தேடுவோர் எத்தனை பேர் என்பதும் விற்பவருக்குத் தெரியாது. விலையைத் தாழ்வாகத் தொடங்கினால் அரிய பொருள் அடிமாட்டு விலைக்குப் போகக்கூடும். உயர்வாகத் தொடங்கினால் ஒருவரும் கேளாமலே ஏலம் முடிந்துவிடக்கூடும்.

இவ்விரண்டில் எந்த ஆபத்து பெரியது என்பது போட்டியிடுவோர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பலர் போட்டியிடும் பொருளுக்குத் தொடக்க விலை எதுவாயினும் முடிவு விலை பெரிதும் மாறுவதில்லை. ஓரிருவர் மட்டுமே தேடும் பொருளுக்கோ தொடக்க விலையே பெரும்பாலும் முடிவு விலையாகிவிடுகிறது.

ஏலக் கூடமும் இணையமும்

ஏலம் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஊரில் நடக்கும் ஏலத்தில் ஏலம் விடுபவர் கூட்டத்தைக் கண்ணால் காண்கிறார். தாம் சொல்லும் முதல் தொகைக்கு எவரும் வாய் திறவாவிட்டால் அதைக் குறைத்துச் சொல்லலாம். கேள்வி சூடு பிடித்தபின் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று சற்று இழுத்து, தயங்கி நிற்பவரையும் பேச வைக்கலாம். இணைய ஏலத்தில் விற்பவருக்கு இவ்வாய்ப்புகள் இல்லை. கூட்டத்தைப் பார்க்காமலே தொடக்க விலையை எழுதி வைத்துவிட்டு, குறித்த நாட்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். முதற் கேள்வி வந்தபின் அவ்விலையை உயர்த்த இயலாது.

ஈபே நிறுவனம் 1995 செப்டம்பரில் பியர் ஓமிடியார் என்பவரால் கலிபோர்னியாவில் 'ஆக்சன்வெப்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அதில் முதலில் விற்ற பொருளாகக் கூறப்படுவது பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று. அது 14.83 டாலருக்குப் போனது. பழுதான சுட்டி என்று தெரிந்துதான் வாங்கினீரா என்று ஓமிடியார் வினவியபோது, தாம் பழுதான லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவர் என்று வாங்கியவர் பதிலளித்ததாகச் சொல்லப்படுகிறது. யாருக்கு எது வேண்டும் என்பது விற்பவரின் ஊகத்துக்கு அப்பாற்பட்டது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பதிலி முறையில் தொடக்க விலையின் பங்கு

ஈபே போன்ற தளங்களில் ஏலம் கேட்பவர் தாம் கொடுக்கச் சித்தமாக உள்ள உச்சத் தொகையைப் பதிகிறார். அத்தொகை மற்றவர்களுக்குக் காட்டப்படுவதில்லை. தளத்தின் மென்பொருள் அவருக்குப் பதிலியாக நின்று, மற்றவரை வெல்லத் தேவையான அளவு மட்டும் கேள்வியை உயர்த்துகிறது. எனவே வெல்பவர் செலுத்துவது தம் உச்சத் தொகையை அன்று; இரண்டாமவரின் உச்சத் தொகையையும் ஒரு படி உயர்வையும் சேர்த்தே செலுத்துகிறார். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் 25 டாலர் முதல் 99.99 டாலர் வரை இப்படி 1 டாலராகவும், 100 முதல் 249.99 வரை 2.50 டாலராகவும் உள்ளது.

இம்முறை இணையத்தில் தோன்றியதன்று. அஞ்சல்வழி அஞ்சல்தலை ஏலங்களில் வெல்பவர் இரண்டாம் உயர்ந்த கேள்வியை ஒட்டிய விலையைச் செலுத்தும் வழக்கம் 1893 முதலே அமெரிக்காவில் இருந்ததை டேவிட் லக்கிங்-ரைலி என்ற பொருளியலாளர் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியுள்ளார். இம்முறையைக் கோட்பாட்டளவில் 1961இல் ஆராய்ந்த வில்லியம் விக்ரி, 1996ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு நாணயத்துக்கு ஒருவர் 80 டாலரும் மற்றொருவர் 52 டாலரும் கொடுக்கச் சித்தமாக உள்ளனர் என்று கொள்வோம். தொடக்க விலை 9.99 டாலர் எனில் நாணயம் 53 டாலருக்கு முதலாமவருக்குப் போகும். அந்த வாரம் இரண்டாமவர் இணையப் பக்கம் வரவில்லை எனில், 80 டாலர் கொடுக்க இருந்தவர் அதே நாணயத்தை 9.99 டாலருக்குப் பெறுவார். தொடக்க விலை 60 டாலராக இருந்திருந்தால் இரு நிலையிலும் 60 டாலர் கிடைத்திருக்கும். ஆனால் வராமற் போனவர் 80 டாலர்க்காரராக இருந்தால் 60 டாலர்த் தொடக்கத்தில் நாணயம் விற்றிராது. ஆக, தொடக்க விலை என்பது வராத இரண்டாமவரின் இடத்தில் நிற்கும் ஒரு பொய்க் கேள்வி போன்றது. வேறுபாடு யாதெனில், இது வெளிப்படையாக வைக்கப்படுவதால் முறையானது.

கோட்பாடு

விற்பவர் வைக்க வேண்டிய மிகப் பொருத்தமான குறைந்தபட்ச விலையை ரோஜர் மையர்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில் கணித்துக் காட்டினார். இவர் 2007ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். ஜான் ரைலி, வில்லியம் சாமுவெல்சன் ஆகியோரும் அதே ஆண்டில் இதையொத்த முடிவை எட்டினர். ஒவ்வொருவரின் மதிப்பீடும் தனித்தனியானது, எல்லாரும் ஒரே வகைப் பரம்பலைச் சேர்ந்தவர்கள் என்ற எடுகோளின்கீழ், பொருத்தமான விலை போட்டியாளர் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்பது இதன் வியப்பான முடிவு. விலை மாறுவதில்லை, அதனால் கிடைக்கும் பயன்தான் மாறுகிறது.

எளிய கணக்கு ஒன்றால் இதனைக் காணலாம். கேட்பவர் ஒவ்வொருவரின் மதிப்பீடும் 0 முதல் 100 டாலர் வரை சம வாய்ப்புடன் எங்கும் இருக்கலாம். பொருள் விற்காவிட்டால் விற்பவருக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. படி உயர்வு புறக்கணிக்கத்தக்கது என்று கொள்வோம். அப்போது பொருத்தமான தொடக்க விலை 50 டாலர். ஒரே ஒருவர் கேட்கும் ஏலத்தில் தொடக்க விலை இல்லையெனில் வருவாய் சுழியம். 50 டாலர் வைத்தால் சராசரி வருவாய் 25 டாலர். இருவர் எனில் 33.33 டாலரும் 41.67 டாலரும். ஐவர் எனில் 66.67 டாலரும் 67.19 டாலரும். பத்துப் பேர் எனில் இரண்டும் 81.8 டாலர், வேறுபாடு ஒரு சென்ட்டைத் தொடவில்லை. பொருள் விற்காமற் போகும் வாய்ப்பும் இதேபோல் சுருங்குகிறது: ஒருவர் மட்டும் எனில் 50 விழுக்காடு, இருவர் எனில் 25, ஐவர் எனில் ஏறத்தாழ 3.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 50 டாலர்த் தொடக்கத்துடன் இருவர் கேட்டால் 41.67 டாலர்; தொடக்க விலையே இல்லாமல் மூவர் கேட்டால் 50 டாலர். விலையைச் சரியாக வைப்பதைவிட இன்னும் ஒருவரை வரவழைப்பது மேல் என்பது இதன் பொருள். சில நிபந்தனைகளின்கீழ் இது பொதுவாகவே உண்மை என்பதை ஜெரெமி புலோ, பால் கிளெம்பரர் ஆகியோர் 1996இல் நிறுவினர். தாழ்ந்த தொடக்க விலைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றுள் மிக வலுவானது இதுவே. ஆயினும் தாழ்ந்த விலை அந்த மூன்றாமவரை உண்மையிலேயே கொண்டுவருமா என்பதைக் கோட்பாடு சொல்வதில்லை. உலகிலேயே இருவர்தாம் அப்பொருளைத் தேடுகிறார்கள் எனில் எவ்விலையும் மூன்றாமவரைப் படைக்காது.

விற்காத பொருளுக்கும் மதிப்பு இருக்கும்போது பொருத்தமான விலை உயர்கிறது. மேற்கண்ட எடுகோள்களின்படி, வணிகர் ஒருவர் எப்போது கொடுத்தாலும் 40 டாலருக்கு வாங்கிக்கொள்வார் எனில் தொடக்க விலை 70 டாலராக இருக்க வேண்டும். 40 டாலராக அன்று. 'இதற்குக் கீழ் விற்றால் நட்டம்' என்ற எல்லையையே தொடக்க விலையாக வைப்பது பரவலான பழக்கம். கோட்பாட்டின்படி அது குறைவு.

கள ஆய்வுகள்

சேகரிப்புப் பொருள்கள் ஆய்வாளர்களுக்கு வாய்ப்பானவை. ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளை வெவ்வேறு தொடக்க விலையில் விற்று ஒப்பிடலாம். லக்கிங்-ரைலி 1990களில் 'மேஜிக்: த கேதரிங்' என்ற விளையாட்டின் அட்டைகளை இணையத்தில் தாமே ஏலம் விட்டுச் சோதித்தார். குறைந்தபட்ச விலையை உயர்த்தியபோது கேட்போர் குறைந்தனர், விற்காத அட்டைகள் கூடின, விற்ற அட்டைகளுக்குக் கிடைத்த விலை உயர்ந்தது. கோட்பாடு சொன்னவை மூன்றும் நிகழ்ந்தன.

1998இல் ஈபேயில் நடந்த அமெரிக்க நாணயத் தொகுதி ஏலங்களைப் பாட்ரிக் பஜாரி, அலி ஹோர்தச்சு ஆகியோர் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்க விலை பட்டியல் விலையை நெருங்க நெருங்க ஏலத்தில் நுழைவோர் குறைந்தனர். ஏலத்தில் நுழைவதே ஒரு செலவு என்பது அவர்களின் விளக்கம். படங்களை உற்று நோக்கவும், விற்பவரின் நம்பகத்தன்மையை ஆராயவும் நேரம் தேவை. இலாபத்துக்கு இடமில்லாத விலையில் தொடங்கும் பொருளுக்கு அந்நேரத்தை எவரும் செலவிடுவதில்லை.

உளவியல் நோக்கிலான ஆய்வுகளும் உள்ளன. முதலில் கண்ணிற்படும் எண் மனத்தில் நங்கூரம்போல் நின்று மதிப்பீட்டைத் தன்பால் இழுக்கும் என்பது உளவியலில் நன்கறிந்த செய்தி. அதன்படி உயர்ந்த தொடக்கம் உயர்ந்த முடிவைத் தர வேண்டும். ஜில்லியன் கு, ஆடம் கலின்ஸ்கி, கீத் மர்னிகன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஏலங்களில் இது தலைகீழாவதைக் கண்டனர். தாழ்ந்த விலை பலரை உள்ளே விடுகிறது. ஒருமுறை கேட்டவர் விட்டுக்கொடுக்க மனமின்றி மீண்டும் கேட்கிறார். கேள்விகளின் எண்ணிக்கையைக் காணும் பிறர் பொருள் உயர்ந்தது என்று கருதுகின்றனர். கூட்டம் வருவதற்குத் தடை இருந்தால் இவ்விளைவு ஏற்படுவதில்லை. தலைப்பில் பெயரைப் பிழையாக எழுதி, தேடலில் அகப்படாமற் போன பொருளை ஒரு டாலரில் தொடங்குவது இக்காரணத்தால் மிக மோசமான சேர்க்கை.

கேள்விகள் மிகுந்த ஏலத்தையே மேலும் பலர் நாடுவதை யூரி சிமன்சன், டான் ஏரியலி ஆகியோர் டிவிடி ஏலங்களில் கண்டு 2008இல் எழுதினர். அக்கேள்விகள் தாழ்ந்த தொடக்கத்தால் மட்டுமே சேர்ந்தவை, பொருளின் தரத்தைக் காட்டுபவையல்ல. இருந்தும் வாங்குவோர் அவற்றைப் பின்தொடர்ந்தனர்.

இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. முடிவு விலைகளின் சராசரி விற்ற பொருள்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. உயர்ந்த தொடக்க விலை 'நல்ல விலை தந்தது' என்று சொல்லும் புள்ளிவிவரத்தில், கேட்பாரின்றித் திரும்பிய பொருள்கள் இடம்பெறுவதில்லை. எதிர்ப்பக்கத்திலும் இதே குறை உண்டு. ஒரு டாலரில் தொடங்கி நூறில் முடிந்த ஏலம் பேசப்படுகிறது. ஒரு டாலரில் தொடங்கி ஒரு டாலரிலேயே முடிந்ததைப் பற்றி விற்றவர் வெளியே சொல்வதில்லை.

எடுத்துக்காட்டு: இந்தியன் ஹெட் சென்ட்

அமெரிக்காவில் 1859 முதல் 1909 வரை அச்சிடப்பட்ட ஒரு சென்ட் நாணயம் 'இந்தியன் ஹெட்' எனப்படுகிறது. அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுத் தலையணி பூண்ட சுதந்திர தேவியின் உருவம் இதில் உள்ளதால் இப்பெயர். இந்திய நாட்டுடன் தொடர்பில்லை. ஈபே ஏலங்களில் இந்நாணயத்தின் விலையைத் தீர்மானிக்கும் காரணிகளை லக்கிங்-ரைலியும் மூவரும் ஆராய்ந்துள்ளனர் (2007). ஒரே வடிவமுள்ள நாணயத்துக்கு மூன்று வகையான தொடக்க விலைகள் பொருந்துவதால் இது தக்க எடுத்துக்காட்டாகும்.

1907ஆம் ஆண்டு நாணயம் 10 கோடிக்கும் மேல் அச்சிடப்பட்டது. தேய்ந்த நிலையில் அதன் மதிப்பு சில டாலர்களே. எந்த வாரத்திலும் அதே நாணயம் ஈபேயில் பல இடங்களில் கிடைக்கும். வாங்குபவர் எந்த ஏலத்தையும் விட்டு அடுத்ததற்குச் செல்லலாம் என்பதால் போட்டி மூள்வதில்லை. இதனை ஒரு சென்ட்டில் தொடங்கினால் உறை, அஞ்சற்செலவு, தளக் கட்டணம் ஆகியவற்றுக்கே வருவாய் போதாது. எதிர்பார்க்கும் விலையிலேயே தொடங்குவதோ, இருபது முப்பது நாணயங்களை ஒரே குவியலாக விற்பதோ தக்கது.

1877ஆம் ஆண்டு நாணயம் 8,52,500 மட்டுமே அச்சிடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ அச்சகத்தின் 'எஸ்' குறியுள்ள 1909ஆம் ஆண்டு நாணயம் 3,09,000. ஆண்டு வரிசையை நிறைவு செய்ய விரும்பும் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் இவை தேவை. தேய்ந்த 1877 நாணயம்கூடப் பல நூறு டாலர் பெறும். தேடுவோர் எப்போதும் இருப்பதால் தாழ்ந்த தொடக்கம் இங்கே ஆபத்துக் குறைந்தது. ஆனால் 1877 நாணயத்துக்குப் போலிகள் மிகுதி. 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்துத் தரமிட்டு மூடிய உறையில் தருகின்றன. அவ்வாறு சான்று பெறாத 1877 நாணயத்தை 99 சென்ட்டில் தொடங்கினால் கூட்டத்தைவிட ஐயமே முதலில் வரும். ஐயத்தைத் தொடக்க விலையால் தீர்க்க இயலாது.

மூன்றாவது வகை, அச்சுப் பிழைகளும் அச்சு வார்ப்பு வேறுபாடுகளும் கொண்ட நாணயங்கள். இவற்றின் அருமையை உணர்ந்தோர் மிகச் சிலர். அவர்களுள் இருவர் அதே வாரத்தில் பார்ப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. இங்கே உயர்ந்த தொடக்கமே விற்பவரைக் காக்கிறது. விற்காவிட்டால் மீண்டும் பட்டியலிடலாம். ஒரு டாலருக்கு விற்றுப் போனால் மீட்க வழியில்லை.

வகையை அறிய, பட்டியல் நூல்களின் விலையைவிட அண்மையில் முடிந்த ஏலங்களின் விவரம் பயன்படும். அதிலும் விலையைக் காட்டிலும் ஒவ்வொரு ஏலத்திலும் எத்தனை வெவ்வேறு நபர்கள் கேட்டனர் என்பதே முதலில் நோக்கத்தக்கது. முப்பது கேள்விகள் இருவருக்கிடையே நடந்த இழுபறியாகவும் இருக்கலாம்.

மறைவான குறைந்தபட்ச விலை

தொடக்க விலையைத் தாழ்வாகக் காட்டி, விற்கச் சம்மதிக்கும் விலையை மறைத்து வைக்கும் வசதியும் ஈபேயில் உண்டு. அவ்விலை எட்டப்படவில்லை என்ற குறிப்பு மட்டும் கேட்போருக்குத் தெரியும். இரு நன்மைகளையும் ஒருங்கே தருவதுபோல் தோன்றும் இவ்வழியை ராம கட்கரும் ரைலியும் 2006இல் வெளியான போக்கிமான் அட்டைச் சோதனையில் ஆராய்ந்தனர். இணையான 50 சோடி அட்டைகளுள் ஒரு பாதி பட்டியல் விலையில் 30 விழுக்காட்டை வெளிப்படையான தொடக்க விலையாகக் கொண்டது. மறு பாதி 5 சென்ட்டில் தொடங்கி அதே 30 விழுக்காட்டை மறைவாகக் கொண்டது. மறைவு விலை வைத்தவை குறைவாக விற்றன. கிடைத்த விலையும் குறைந்தது. எட்டமுடியாத விலை மறைந்திருக்குமோ என்று அஞ்சி, உண்மையாகவே வாங்க எண்ணியவர்கள் விலகியதாக ஆய்வாளர்கள் கருதினர்.

கட்டணங்களின் தாக்கம்

99 சென்ட், 9.99 டாலர், 24.99 டாலர் என்ற தொடக்க விலைகள் பெருகியதற்குக் கட்டண அமைப்பும் ஒரு காரணம். 2000களில் ஈபேயின் பட்டியலிடும் கட்டணம் தொடக்க விலையைப் பொறுத்து 1, 10, 25, 50, 200 டாலர் என்ற எல்லைகளில் ஏறியது. ஒரு சென்ட் குறைத்தால் கட்டணம் ஒரு படி இறங்கியது. இவ்வடுக்குமுறை பின்னர் கைவிடப்பட்டபோதும் பழக்கம் நீடிக்கிறது.

அஞ்சற்செலவை உயர்த்தித் தொடக்க விலையைத் தாழ்த்துவது மற்றொரு உத்தி. தன்ஜின் ஹொசைன், ஜான் மோர்கன் ஆகியோர் இசைக் குறுந்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் விற்றுச் சோதித்தபோது (2006), மொத்தக் குறைந்தபட்சம் ஒன்றாக இருந்தும் இவ்வகைப் பிரிப்பு பெரும்பாலும் கூடுதல் வருவாய் தந்தது. 2011இல் ஈபேயின் அமெரிக்கத் தளம் அஞ்சற்செலவின் மீதும் விற்பனைக் கட்டணம் விதிக்கத் தொடங்கியபின், விற்பனைக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் ஆதாயம் இவ்வுத்தியில் இல்லை.

பொய்க் கேள்வி

தாழ்வாகத் தொடங்கிய விற்பவர், ஏலம் ஏறாதபோது வேறு பெயரிலோ நண்பர் வழியாகவோ தம் பொருளைத் தாமே கேட்பது பொய்க் கேள்வி எனப்படும். ஈபே இதனைத் தடை செய்துள்ளது. பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். 2000ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னிய வழக்கறிஞர் ஒருவர் 25 சென்ட்டில் தொடங்கிய அரூப ஓவியம் ஒன்று, ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியருடையதாக இருக்கலாம் என்ற எண்ணத்தால் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரியவந்ததும் ஈபே அவ்விற்பனையைச் செல்லாததாக்கியது. கூட்டாகப் பொய்க் கேள்விகள் கேட்டதற்காக அவர் உள்ளிட்ட மூவர் மீது 2001இல் அமெரிக்கக் கூட்டரசு குற்றஞ்சாட்டியது. 25 சென்ட் என்ற விலையே, விற்பவர் பொருளின் மதிப்பை அறியாதவர் என்ற தோற்றத்தை வாங்குவோருக்குத் தந்தது.

ஏலத்திலிருந்து நிலைத்த விலைக்கு

2000களின் தொடக்கத்தில் ஈபேயின் பட்டியல்களில் மிகப் பெரும்பாலானவை ஏலங்களாக இருந்தன. பின்னர் நிலைத்த விலைப் பட்டியல்கள் அவற்றை முந்தின. லிரான் ஐனாவ் உள்ளிட்ட நால்வர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வாங்குவோர் காத்திருக்க விரும்பாமையை இதற்கு முதன்மைக் காரணமாகக் காண்கிறது. ஒத்த பொருள்கள் ஏராளமாகக் கிடைக்கும் துறைகளில் ஏலம் வேகமாகத் தேய்ந்தது. சேகரிப்புப் பொருள்களில் ஏலம் நிலைத்தபோதும், மேற்கண்ட மூன்றாம் வகைப் பொருள்களைப் பலர் இன்று உயர்ந்த நிலைத்த விலையில் வைத்து, வாங்குவோர் தம் விலையை முன்மொழியும் வசதியையும் இணைத்து, மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர்.